ரகசியத்துக்கு வராண்டா இருக்கு

அந்த அக்காவின் முன்னால் யாரும் குசுகுசுக்க மாட்டார்கள். எங்கள் தீவில், ஹேடோ துறைமுகக் குடியிருப்புப் பக்கம் நாங்கள் இருந்த காலத்தில் இது ஊரறிந்த விஷயம். ஒருவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அவருக்குப் புரியாத மொழியில் வேறு யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் போதும். அக்கா அதை அப்படியே எடுத்து அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லிவிடுவார். சொன்னவர் முகம் சிவந்தாலும் கறுத்தாலும் அக்காவுக்குக் கவலையில்லை. "ரகசியம்னா வராண்டா இருக்குங்க. அங்கிட்டுப் போய்ப் பேசிட்டு வாங்க" என்பார்.

என் அம்மா தூத்துக்குடிக்காரி. பயந்தால் மட்டும்தான் குரலைத் தாழ்த்துவாள். "ஏலே, அந்த நர்ஸ் சிஸ்டர் இருக்கையில வாயத் தொறந்து தொலைச்சிராத. அவுகளுக்குக் காது நாலு" என்று என்னிடம் சமையலறையில் வைத்துச் சொல்வாள். ஊரில் சிலர் அக்காவுக்கு ரேடியோ என்று பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். அது அநியாயம். அறைக்குள் பேசியதில் ஒரு சொல்லைக்கூட அவர் வெளியே கொண்டுபோனதில்லை. அடுத்த நாள் நாம் போய்க் குடைந்தாலும், "அது அந்த ரூம்ல இருந்தவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விடுவார். இப்போது நான் இதையெல்லாம் எழுதுவது தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அதனால்தான் பெயர் போடவில்லை.

அவர் அரசாங்க நர்ஸ். சின்ன வயதில் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர். வீட்டில் தோட்டத்துத் தமிழ், பள்ளியில் ஹிந்தி, அக்கம்பக்கத்தில் நிக்கோபாரி, மெயின்லேண்டில் நர்ஸ் படித்தபோது ஆங்கிலம், வங்காளிகள் நிறைந்த திக்லிபூரில் வேலை பார்த்தபோது வங்காளம். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் தீவில் மீன்காரி நாலு மொழியில் விலை சொல்வாள், ஐந்தாவதில் திட்டுவாள். தெரிந்த மொழிகளை வைத்துக்கொண்டு அக்கா செய்த காரியத்தைத்தான் வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

ஆள் ஒல்லி. மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் சற்றே கோபமான கண்கள். எங்கே மொழிபெயர்க்கக் கூப்பிட்டாலும், யார் பக்கத்திலும் உட்காராமல் மேசையின் அகலப் பக்கத்தில், இரண்டு தரப்புக்கும் நடுவில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். பிறகு, அறையில் எத்தனை மொழி இருக்கிறதோ அத்தனையிலும் தன் சட்டத்தைச் சொல்வார். "இந்த ரூம்ல யாரு என்ன பேசினாலும் இந்த ரூம்ல உள்ள எல்லாருக்கும் சொல்லுவேன். சம்மதமா?" எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆட்டியவர்களில் பாதிப் பேர் பின்னால் வருந்தியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்க, திக்லிபூரிலிருந்து ஒரு வங்காளிக் குடும்பம் வந்தது. பையனும் பெண்ணும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் பேச அக்கா வேண்டியிருந்தது. பையனின் அத்தை, சமோசாவைக் கடித்துக்கொண்டே, பக்கத்திலிருந்தவளிடம் வங்காளத்தில் ஏதோ சொன்னாள். அக்கா உடனே தமிழில் சொன்னார்: "பொண்ணு களையாத்தான் இருக்காம். நெறந்தான் அவங்க தோட்டத்துப் பாக்கு மாதிரி இருக்காம்." பெண்ணின் அம்மா சும்மா விடுவாளா? "ஆமா, இவுக மாப்பிள்ளை மட்டும் பாலாட்டமா இருக்காராக்கும்" என்றாள். அக்கா அதையும் நல்ல வங்காளத்தில் எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

கல்யாணம் போச்சு என்றுதான் நினைத்தோம். முதலில் பையன் சிரித்தான். அப்புறம் பெண். அதற்கு மேல் மற்றவர்கள் கோபத்தை எவ்வளவு நேரம்தான் பிடித்து வைத்திருக்க முடியும்? அந்தப் பெண் இப்போது திக்லிபூரில் மாமியாரை அதட்டும் அளவுக்கு வங்காளம் பேசுகிறாள். ஒருமுறை ஊருக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள்: "என்னப் பத்தி அவுக நெனைக்கிறத எல்லாம் அன்னைக்கே கேட்டுட்டேம்லா. அந்த வீட்ல பயப்படுறதுக்கு எனக்கு மிச்சம் ஒண்ணும் இல்லாம போச்சு."

இதை வைத்து அக்காவை விளையாட்டுப் பேர்வழி என்று நினைத்துவிட வேண்டாம். சுனாமிக்குப் பிறகு கட்சாலிலிருந்து தப்பியவர்களை இங்கே முகாமில் தங்க வைத்திருந்தார்கள். அக்காவுக்கு அங்கேதான் வேலை. ஒரு தாயின் படுக்கை அருகே நின்று டாக்டர் ஆங்கிலத்தில், பிள்ளை கிடைக்கவில்லை என்பதை இப்போது இவளிடம் சொல்ல வேண்டாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அக்கா அந்தத் தாயின் அருகில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதைச் சொன்னார். வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்தே சொன்னார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு அக்காவோடு பேசவே இல்லை. கேள்விப்பட்டபோது, இவர் என்ன மனுஷி என்று எனக்குத் தோன்றியது. அது சரியா தவறா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் ஓர் அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. வாக்குமூலம் எடுக்கும் இடங்களில் உட்கார்ந்து தட்டச்சு செய்வேன். இந்தியாவும் இலங்கையும் தீவிரவாதத்தை ஒடுக்கச் சேர்ந்து வேலை செய்வது, கடல் கடந்து வருகிறவர்களைப் பற்றித் தகவல் பரிமாறிக்கொள்வது என்று பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அது. நாடுகள் நட்பாவதன் முதல் அடையாளம் நாற்காலி. எங்கள் அலுவலகத்துக்கு மெத்தை வைத்த புது நாற்காலிகள் வந்திறங்கின. பின்னாலேயே ஒரு படகும் வந்தது. இலங்கையிலிருந்து வேறு தேசத்துக்குப் போகப் புறப்பட்டு, எஞ்சின் பழுதாகி, எங்கள் பக்கம் ஒதுங்கிய படகு. அதில் இருந்தவர்களை விசாரிக்க, மெயின்லேண்டிலிருந்து நம் அதிகாரி ஒருவரும், இலங்கையிலிருந்து விருந்தாளி அதிகாரி ஒருவரும் வந்தார்கள். மொழிபெயர்ப்புக்கு அக்கா.

நம் அதிகாரி அக்காவை விருந்தாளிக்கு அறிமுகப்படுத்தியபோது, "தோட்டத் தொழிலாளர்களை இந்தியா திருப்பி அழைத்துக்கொண்ட நம் இரு நாட்டு ஒப்பந்தம் நல்ல பலன் தந்தது என்பதற்கு இவரே சாட்சி. இங்கே குடியேறி, படித்து, அரசு வேலை பார்க்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்நேரம் டீ கொண்டுவந்த தெலுங்கு அம்மாவிடம் அக்கா அதை ஹிந்தியில் சொன்னார். அந்த அம்மாவும் அதே அறையில்தானே நிற்கிறார்! பிறகு என் பக்கம் திரும்பி, "நான் நல்ல பலனாம், தம்பி" என்றார்.

அதிகாரிகள் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வராண்டாவில் காத்திருந்தோம். மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, கேட்காமலேயே சொன்னார்.

"அப்ப நான் சின்னப் புள்ளை, தம்பி. யாரு எந்த நாட்டுக்குன்னு முடிவு பண்ண எங்களக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. மேசைக்கு அங்கிட்டு ரெண்டு தொரைங்க. ஒருத்தரு அந்த நாடு, ஒருத்தரு இந்த நாடு. ரொம்ப சிநேகிதம் போல. இங்கிலீசுலயே பேசிக்கிட்டாங்க. எங்கப்பாவுக்கு தோட்டத்துல காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்களத்துல வரிசையில நின்னு பழக்கம். துண்டைக் கக்கத்துல வச்சிக்கிட்டு அதே மாதிரி நின்னாரு. ஒரு தொரை என்னமோ சொன்னாரு. இன்னொருத்தரு சிரிச்சாரு. தொரை சிரிச்சா நாமளும் சிரிக்கணும்னு அப்பா நெனச்சாரு போல. அவரும் சிரிச்சாரு. அப்பறம் முத்திரை குத்துனாங்க. நாங்கல்லாம் இங்கிட்டு. எங்க பெரியக்கா மட்டும் அங்கிட்டு."

"ஏன் அவங்க மட்டும்?"

"வயசு கூடிப்போச்சாம். அவளுக்குத் தனி மனுவாம், தனி முடிவாம். அதெல்லாம் அப்பறம் தெரிஞ்சிக்கிட்டது. அன்னைக்கு எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. கப்பலுக்குப் போகச் சொன்ன நேரத்துலதான் அவ வரக்கூடாதுன்னாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப போன்ல மூஞ்சியப் பாத்துப் பேசுறோம். அவளுக்குப் பேரப்புள்ளைங்க இருக்கு. ஆனா அவளுக்கு நான் இன்னும் அந்தச் சின்னப் புள்ளைதான். சாப்பிட்டியாங்கிறதத் தவிர என்ன பேசுறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல."

"அந்தத் துரைங்க என்ன சொல்லிச் சிரிச்சாங்க?"

"அதான் தெரியல. அப்பா சாகுற வரைக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு. அவனுங்க என்ன சொல்லிச் சிரிச்சானுங்க, நான் எதுக்குச் சிரிச்சேன்னு."

உள்ளே மணி அடித்தது.

எதிரே ஓர் இளம் கணவனும் மனைவியும் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். மனைவி மடியில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. படகில் வந்த மற்றவர்கள் எல்லோரும் கைப்பேசியைக் கொடுத்துவிட்டார்கள். இவனிடம் மட்டும் இல்லை. ஆனால் இவனிடம் கைப்பேசி இருந்தது, கரையை விடும்வரை ஓயாமல் அடித்தது என்று கூட வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். குண்டு வைக்கும் கூட்டத்து ஆட்களும் இதே மாதிரிப் படகுகளில் கலந்து தப்புகிறார்கள் என்று இரு நாட்டுக்கும் தகவல் இருந்தது. சந்தேகம் உறுதியானால் இவனை மட்டும் அன்று மாலை விமானத்தில் கொண்டுபோய்விடுவார்கள். மனைவியும் குழந்தையும் மற்றவர்களோடு முகாமில் கிடக்க வேண்டியதுதான். எத்தனை நாளோ, எத்தனை மாதமோ.

அக்கா நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டார். தண்ணீர் குடித்தார். தமிழிலும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் தன் சட்டத்தைச் சொன்னார். கணவன் தலையாட்டினான். விருந்தாளி தலையாட்டினார். நம் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே ஆட்டினார். விமானத்தில் பெல்ட் போடச் சொல்லும்போது ஆட்டுவார்களே, அந்த மாதிரி.

கைப்பேசியே தன்னிடம் இருந்ததில்லை என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அதிகாரிகள் காகிதம் புரட்டிக்கொண்டிருந்த இடைவெளியில், மனைவி பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னான். "ஃபோனைக் கடலுக்குள்ள எறிஞ்சதை மட்டும் சொல்லிப்போடாத."

அக்கா ஆங்கிலத்தில் அதைச் சொன்னார். சத்தமாக, தெளிவாக, ஒரு சொல் குறையாமல்.

என் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றுவிட்டன. அவன் அக்காவைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. "நீங்கள் எங்கட ஆள் எண்டெல்லோ நினைச்சன்" என்றான். அக்கா அதையும் அதிகாரிகளிடம் அதே குரலில் சொன்னார்: நான் அவருடைய ஆள் என்று அவர் நினைத்தாராம். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பாவி, ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் தட்டினேன்.

அதிகாரிகள் இருவரும் தலையைத் தலையோடு சேர்த்துக்கொண்டார்கள். எத்தனையோ கூட்டங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளரை அறையிலுள்ள விசிறி மாதிரி நினைத்து, அவர் எதிரிலேயே ரகசியம் பேசுவார்கள். இவ்வளவு சொன்ன பிறகும் பேசினார்கள். "இது போதும். இன்று மாலையே இவனைக் கொண்டுபோகிறோம்" என்றார் விருந்தாளி. "மருத்துவப் பரிசோதனை என்று சொல்லிக் கூட்டிப் போகலாம். பெண்ணிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் இங்கேயே அழுது கூப்பாடு போடுவாள்" என்றார் நம்மவர்.

அக்கா அந்தக் கணவன் மனைவியைப் பார்த்துத் திரும்பினார். "உங்களைத் தனியா இன்னைக்குச் சாயந்தரம் கொண்டுபோறதா முடிவு பண்ணியிருக்காங்க. உடம்பு சோதிக்கன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போகலாங்கிறாங்க. உங்க சம்சாரத்துக்கு அப்பறமாச் சொல்லலாம், இப்ப சொன்னா அழுது சத்தம் போடுவாங்கங்கிறாங்க."

நம் அதிகாரி மேசையில் ஓங்கி அடித்தார். "சிஸ்டர்! யே ஹமாரே பீச் கீ பாத் ஹை!"

அக்கா தமிழில், "இது அவங்களுக்குள்ள பேசினதுன்னு சார் கோவப்படுறாரு" என்றார். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் பக்கம் திரும்பினார். "வராண்டா ஹை, சார்."

அப்போது நான் தற்செயலாகக் குனிந்தேன். மேசைக்கடியில் அக்காவின் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. இன்னும் சர்வீசில் இருந்த மனுஷி. அந்த அதிகாரி மேலிடத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் வேலை போயிருக்கும். கால் அப்படி ஆடியது, குரலில் ஒரு சிறு பிசிறுகூட இல்லை. கடவுளே, இது எப்படி ஒரு மனித உடம்பில் முடிகிறது என்று எனக்கு மலைப்பாக இருந்தது. ஒரு நிமிஷம் முன்பு அதே ஆளைத்தான் மனதுக்குள் சபித்திருந்தேன்.

அதுவரை வாயே திறக்காத மனைவி பேசினாள்.

"அவர் எறியேல்லை. நான்தான் எறிஞ்சனான்."

கணவன் அவள் கையைப் பிடித்து அமுக்கினான். அவள் உதறினாள். "பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகப் போகினமாம், இனி என்னத்தை மறைக்கிறது? படகு ஏத்திவிட்டவன்ர நம்பர் அதுக்குள்ள இருந்தது. பிடிபட்டா ஃபோனைக் கடலில போடு, இல்லாட்டிக் கொம்மாவை மறந்திடு எண்டு என்னட்டச் சொன்னவன். என்ர அம்மா அவன்ர வீட்டில இருந்து ரெண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறா. தனிய."

அக்கா இதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் விருந்தாளி, அவன் யார் என்று கேட்டார். அவள் ஒரு பெயரைச் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு நம் அதிகாரியைப் பார்த்தார். அவள் சொன்னவன் இரு நாடும் தேடிக்கொண்டிருந்த ஆள் என்று பின்னால் எனக்குத் தெரிந்தது. பிழைக்கப் போகிறவர்களை ஏற்றிவிடும் அதே படகில் குண்டு வைக்கும் கூட்டத்தையும் ஏற்றி அனுப்பியவன்.

இருவரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். நேரே வராண்டாவுக்குப் போனார்கள்.

திரும்பி வர நேரமாயிற்று. இந்த முறை விருந்தாளி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தே பேசினார். முதலில் உன் அம்மாவை அங்கிருந்து பத்திரமான இடத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டேன், அது முடிந்த பிறகுதான் மற்றது. நீங்கள் மூன்று பேரும் ஒன்றாகத்தான் திரும்பிப் போவீர்கள். அங்கே உங்கள் இருவரையும் விசாரிப்பார்கள். அதில் என்ன முடிவாகும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. வாக்குக் கொடுக்க முடியாது என்பதையும் அக்கா அப்படியே சொன்னார். அந்தப் பெண் தலையாட்டினாள். கணவன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதான்.

எல்லோருக்கும் காப்பி வந்தது. அவர்களுக்கும் கொடுக்கச் சொன்னார் நம் அதிகாரி. கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை, ஆனாலும் கொடுக்கச் சொன்னார். விருந்தாளி ஒரு வாய் குடித்துவிட்டு, நம்மவர் காதோரம் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். கோப்பையைக் கையில் வைத்திருந்த அந்தக் கணவன் நிமிர்ந்து பார்த்தான். ஈரக் கண்ணோடு, ஒன்றும் புரியாமல், அவனும் சிரித்தான்.

அக்கா தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னீங்க, சார்?"

"ஒன்றுமில்லை, சிஸ்டர். சும்மா."

"இந்த ரூம்லதான் சொன்னீங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, விருந்தாளி பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தத் தீவில் காப்பிக்குக் கடல் தண்ணீரை ஊற்றுகிறார்களா என்று கேட்டேன். உப்புக் கரிக்கிறது."

அக்கா கணவன் பக்கம் திரும்பினார். "காப்பியைப் பத்திச் சொன்னாரு. கடல் தண்ணியில போட்டுட்டாங்களான்னு கேட்டாரு. உப்புக் கரிக்குதாம்."

அவன் ஒரு வாய் குடித்துப் பார்த்தான். "ஓம், உப்புத்தான்" என்று சொல்லிச் சிரித்தான். இந்த முறை தெரிந்து சிரித்தான். மனைவியும் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். சர்க்கரை டப்பாவில் உப்பை மாற்றிப் போட்டுவிட்ட தெலுங்கு அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடினார்.

எல்லோரும் போன பிறகு நான் காகிதங்களை அடுக்கிவிட்டு வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது. ஹேடோ பக்கம் சரக்குக் கப்பல் ஒன்று ஊதியது. அக்கா வராண்டாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வேலையைப் பற்றிப் பயமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அன்னைக்கும் இப்படித்தான் என்னமாச்சும் சொல்லியிருப்பாங்க, தம்பி. டீ ஆறிப்போச்சுன்னு. குளிரு ஜாஸ்தின்னு. அப்பாவப் பத்தி இருக்காது."

"இருக்காதுக்கா" என்றேன்.

"அத யாராச்சும் ஒருத்தரு அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார்.